கணினியின் மணிக்கூடு, வழியில் தொலையும் நேரம், லீப் செக்கன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் கடைகளுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் சிறு விடுதிகளுக்கும் கணினியும் கமராவும் பூட்டிப் பராமரிப்பது என் தொழில். வைரஸைப் பற்றிக் கேட்பவர்களைவிட நேரத்தைப் பற்றிக் கேட்பவர்கள்தான் எனக்கு அதிகம். ஒவ்வொருவருக்கும் தேநீர்க் கடையில் துண்டுக் கடதாசியில் படம் வரைந்து விளக்கிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

போன் காட்டும் நேரமும் கடைக் கணினி காட்டும் நேரமும் ஏன் பொருந்துவதில்லை?

கணினிக்குள் இருப்பதும் உங்கள் கையில் கட்டியிருப்பதைப் போன்ற குவார்ட்ஸ் மணிக்கூடுதான். அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது, செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சிறு பளிங்குத் துண்டு. ஓடும்போது இயங்குதளம் வேறொரு பளிங்கின் துடிப்பை எண்ணுகிறது. இரண்டுமே மலிவான சரக்கு. பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் நாளொன்றுக்கு 1.7 செக்கன், மாதத்துக்கு ஏறக்குறைய 50 செக்கன் விலகிவிடும்.

நம் ஊர் வெக்கையும் இதில் சேர்கிறது. அந்த 32,768 வகைப் பளிங்கை 25 பாகை செல்சியஸுக்குப் பொருத்தமாக வெட்டியிருப்பார்கள். அதைவிடச் சூடு கூடினாலும் குறைந்தாலும் மணிக்கூடு பிந்தும். தகரக் கூரையின் கீழே, சுவரோடு ஒட்டிய பெட்டிக்குள் 45 பாகை இருந்தால் அந்தச் சூட்டுக்காக மட்டுமே நாளுக்கு ஒரு செக்கனுக்குச் சற்று மேல் இழப்பீர்கள். போனில் இருப்பதும் பளிங்குதான். ஆனால் அது தொலைபேசி வலையமைப்பிடமும் இணையத்திடமும் அடிக்கடி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

இணையத்திலிருந்து நேரம் வந்து சேர்வதற்குள் அது பழசாகிவிடாதா?

ஆகிவிடும். அதனால்தான் கணினி "இப்போது மணி என்ன?" என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த என்.டி.பி என்னும் நடைமுறை 1985இல் வெளியானது. இன்றும் உலகம் அதைத்தான் பாவிக்கிறது.

உங்கள் கடை உப்புவெளியில். சரியான மணிக்கூடு கிண்ணியாவில், மாமா வீட்டில். போன் இல்லை. ஒரு பையனிடம் துண்டைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். அவன் புறப்பட்டது உங்கள் மணிக்கூட்டில் 9:00. மாமா தன் மணிக்கூட்டைப் பார்த்து, அவன் வந்தது 9:50, தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியது 10:00 என்று துண்டில் குறிக்கிறார். அவன் கடைக்கு வந்து சேர்ந்தது உங்கள் மணிக்கூட்டில் 10:30.

அவன் வெளியில் இருந்தது 90 நிமிடம். அதில் தேநீருக்கு 10. வழியில் போனது 80. போகவும் வரவும் பாதிப் பாதி என்று வைத்தால் ஒருவழிக்கு 40. ஆக, மாமாவின் மணிக்கூட்டில் 9:10 ஆக இருந்தபோது அவன் புறப்பட்டிருக்கிறான். உங்கள் மணிக்கூடு 10 நிமிடம் பிந்தி ஓடுகிறது. என்.டி.பி செய்யும் கணக்கு இவ்வளவுதான். நான்கு நேரக் குறிப்பு, ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். நிமிடங்களுக்குப் பதிலாக மில்லிசெக்கன்கள், பையனுக்குப் பதிலாக இணையத்தில் போய்வரும் யூ.டி.பி என்ற வகைச் சிறு தரவுப் பொதி, அது தட்டும் கதவின் (port) இலக்கம் 123.

போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இல்லாவிட்டால்?

மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள்.

கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னர் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் கரையில் காத்து நின்றவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. போகும்போது பாதை அக்கரையில் நிற்கும், வரும்போது நமக்காகவே காத்திருந்ததுபோல இக்கரையில் நிற்கும். நம் பையனுக்குப் போக 60 நிமிடமும் வர 20 நிமிடமும் எடுத்தது என்று வையுங்கள். அப்படியானால் அவன் புறப்பட்டபோது மாமாவின் மணிக்கூட்டில் 8:50. உங்கள் மணிக்கூடு பிந்தவில்லை, 10 நிமிடம் முந்தி ஓடுகிறது.

துண்டில் உள்ள நான்கு எண்களும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே 9:00, 9:50, 10:00, 10:30. முதல் கணக்கு மணிக்கூட்டை முன்னே தள்ளச் சொல்கிறது, இரண்டாவது பின்னே இழுக்கச் சொல்கிறது. எது உண்மை என்று அந்தத் துண்டை எத்தனை தடவை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இது மென்பொருளின் குறை அல்ல. எத்தனை ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய கருவியானாலும், இரண்டு முனைகளுக்கிடையே செய்தி அனுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியாது.

ஆனால் பிழைக்கு ஓர் எல்லை உண்டு. போக வர எடுத்த நேரங்களின் வித்தியாசத்தில் பாதிதான் பிழை, அது முழுப் பயண நேரத்தின் பாதியை ஒருபோதும் தாண்டாது. 80 நிமிடப் பயணத்தில் 40 நிமிடத்துக்கு மேல் ஏமாற முடியாது. 20 மில்லிசெக்கன் பயணத்தில் 10க்கு மேல் முடியாது. சேர்வர், அதாவது மாமாவைப்போல நேரம் சொல்லும் கணினி, கிட்டவாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஏமாறுவதற்கு அங்கே இடம் குறைவு.

அந்தச் சமமின்மை நம் ஊரில் எங்கிருந்து வருகிறது?

தூரத்திலிருந்து அல்ல. ஒளியிழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். இங்கிருந்து கொழும்புக்கு 260 கிலோமீற்றர் என்று வைத்தால் ஒருவழிக்கு 1.3 மில்லிசெக்கன். மிச்சத் தாமதம் முழுவதும் பொதிகள் ரவுட்டர்களின் வாசலில் வரிசையில் நிற்பதால் வருவது.

வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் இறக்கத்துக்கு அகலமாகவும் ஏற்றத்துக்கு ஒடுக்கமாகவும் இருக்கும். ஒரு கல்வி நிலையத்தில் தினமும் இரவு எட்டு மணிக்குப் பிறகு கணினியின் நேரம் மெல்ல விலகி, விடியுமுன் தானாகவே திரும்பிவிடும். பேய் பிடித்த கணினி என்றே அங்கு பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு மாலை உட்கார்ந்து பார்த்ததில் காரணம் தெரிந்தது. பகல் வகுப்புகளின் காணொளிகளை எட்டு மணிக்குத்தான் இணையத்துக்கு ஏற்றத் தொடங்குகிறார்கள். நேரம் கேட்டுப் போகும் சின்னப் பொதியும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. போக 600 மில்லிசெக்கன் கூடுதலாக எடுத்து, வர வழக்கம்போல 15 என்றால் கணக்கில் 300 மில்லிசெக்கன் பிழை உட்கார்ந்துவிடும். ஏற்றும் வேகத்துக்கு ரவுட்டரில் ஒரு கட்டுப்பாடு போட்டேன். பேய் போய்விட்டது. பூசைச் செலவு மிச்சம்.

நல்ல என்.டி.பி மென்பொருள் இதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். கடைசி எட்டு அளவீடுகளில் எது மிகக் குறைந்த நேரத்தில் போய் வந்ததோ அதையே அதிகம் நம்பும். வரிசை இல்லாத வேளையில் போய் வந்தவன் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்ட என்ற நியாயம். ஆனால் வரிசை மணிக்கணக்காக நீடித்தால் எட்டுப் பேரும் வரிசையில் நின்றவர்களாகவே இருப்பார்கள்.

செய்மதி இணையத்தில் நேரம் படுமோசமாக இருக்குமா?

எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றரில் நிற்கும் செய்மதி வழியாகப் போய் வர அரைச் செக்கன் ஆகும். ஆனால் போகவும் வரவும் கிட்டத்தட்ட அதே தூரம். தாமதம் பெரிதாக இருப்பதால் மணிக்கூடு கெடாது. ஏற்றம் ஒரு வழியாகவும் இறக்கம் வேறு வழியாகவும் போகும் கலப்பு இணைப்பென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு நேர சேர்வரைக் கொடுத்தால் போதாதா?

அது பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆளில்லை. இரண்டு கொடுத்தால் யார் பொய்யர் என்று தெரியாமல் முழிக்கும். மூன்றில் பெரும்பான்மை கிடைக்கும், ஆனால் ஒன்று படுத்துவிட்டால் மறுபடியும் இரண்டுதான். நான்கு கொடுங்கள். அந்த நான்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே அறையில் இருந்தால் நான்கு கொடுத்ததற்குப் பொருள் இல்லை.

சேர்வர்களுக்குப் படிநிலை உண்டு. அணு மணிக்கூடும் ஜி.பி.எஸ் ஏற்பியும் பூச்சியம். அவற்றோடு நேரடியாகப் பொருத்திய கணினி ஒன்று. அதனிடம் கேட்பது இரண்டு. இப்படி 15 வரை போகும். 16 என்று காட்டினால் அதற்கே நேரம் தெரியாது. ஒன்றாம் படி என்று பெயரெடுத்த தூரத்துச் சேர்வரைவிட, பக்கத்தில் உள்ள இரண்டாம் படிச் சேர்வர் நமக்கு உகந்தது.

பிழை தெரிந்ததும் பட்டென்று திருத்தாமல் ஏன் இழுத்தடிக்கிறது?

பட்டென்று திருத்தினால் நேரம் பின்னால் போகலாம். ஒரு மருந்துக்கடையில் 214ஆம் பற்றுச்சீட்டு 213ஆம் பற்றுச்சீட்டுக்கு முந்திய நேரத்தில் அச்சாகிவிட்டது. கணக்காய்வுக்கு வந்தவர் முதலில் சந்தேகித்தது மணிக்கூட்டை அல்ல, காசாளரை.

அதனால் சிறு பிழைகளைக் கணினி பைய இழுத்துச் சரிசெய்யும். என்.டி.பியின் பழைய மூல மென்பொருளில் 128 மில்லிசெக்கனுக்குட்பட்ட விலகல் இப்படித்தான் தீரும். இழுக்கும் வேகமும் பத்து இலட்சத்தில் 500 பங்கைத் தாண்டாது. அந்த வேகத்தில் ஒரு முழுச் செக்கனைச் சரிசெய்ய 33 நிமிடமும் 20 செக்கனும் தேவை. விலகல் 128ஐத் தாண்டி நிலைத்திருந்தால் ஒரே பாய்ச்சலில் திருத்தும். 1,000 செக்கனுக்கு மேல் என்றால், "இதில் வேறு ஏதோ கோளாறு, மனிதர் வந்து பாருங்கள்" என்று கைவிட்டு நின்றுவிடும்.

மின்வெட்டுக்குப் பிறகு எந்த இணையத்தளமும் திறக்கவில்லை, பாதுகாப்பற்றது என்கிறது. இதுவும் நேரப் பிரச்சினையா?

பெரும்பாலும் ஆம். தாய்ப்பலகையில் உள்ள பொத்தான் பற்றரி செத்துவிட்டது. கணினி பல வருடம் பின்னால் விழித்தெழுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அதன் கண்ணில் இன்னும் பிறக்கவே இல்லை. சில நூறு ரூபாய் வேலை, கடைக்குக் கொண்டுவாருங்கள். நேரம் தொடர்பாக எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். லீப் செக்கனால் இன்றுவரை ஓர் அழைப்பும் வரவில்லை.

சரி, அந்த லீப் செக்கன் என்றால் என்ன?

1967 முதல் ஒரு செக்கன் என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். அணு தாளம் தப்பாது. பூமி அப்படி இல்லை. அணுவுக்காகப் பூமியையும் பூமிக்காக அணுவையும் விட்டுக்கொடுக்க முடியாமல் 1972இல் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். யூ.டி.சி என்ற உலகப் பொதுநேரம் அணுச் செக்கனிலேயே ஓடும். பூமியின் சுழற்சி நேரத்திலிருந்து அது 0.9 செக்கனுக்கு மேல் விலகப்போனால் யூன் கடைசியிலோ டிசம்பர் கடைசியிலோ ஒரு செக்கனைச் செருகுவார்கள். பூமிச் சுழற்சியைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு ஆறு மாதம் முன்னரே அறிவிக்கும். இதுவரை 27 தடவை செருகியிருக்கிறார்கள். 1972இன் தொடக்கத்திலேயே இருந்த 10 செக்கனோடு சேர்த்து, யூ.டி.சி இன்று அணுநேரத்துக்கு 37 செக்கன் பின்னால் நிற்கிறது.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடலாம். ஒவ்வொரு லீப் செக்கனுக்கும் பூமி ஒரு செக்கன் வேகம் குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. நாள் என்று நாம் எண்ணும் 86,400 அணுச் செக்கன்களைவிடப் பூமியின் உண்மையான நாள் மிகச் சிறிதளவு நீண்டிருந்தது. அந்த மில்லிசெக்கன்கள் நாளுக்கு நாள் சேர்ந்துதான் கடனாகின்றன. சந்திரன் எழுப்பும் கடற்பெருக்கின் உராய்வு பூமியை நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல மெல்லத் தளர்த்துவது வேறு கதை.

இலங்கையில் அது எத்தனை மணிக்கு நடக்கும்?

யூ.டி.சி நள்ளிரவு நமக்கு விடியற்காலை 5:30. ஆகவே யூலை முதலாம் திகதியோ தைப் பிறப்புக்கு இரு வாரம் முன்னதாக வரும் சனவரி முதலாம் திகதியோ 5:29:59க்குப் பிறகு 5:29:60 வரும், அதன் பிறகே 5:30:00. துறைமுகத்தில் வள்ளங்கள் கரைதிரும்பும் வேளை.

ஒரு செக்கன் சூரியனோடு ஒத்துப்போவதற்கா இவ்வளவு பாடு?

நானும் இப்படித்தான் கேட்டேன். நம் நாட்டு நேரம் 82.5 பாகை கிழக்கு நெட்டாங்குக்கு உரியது. திருகோணமலை ஏறத்தாழ 81.2 பாகையில் இருக்கிறது. ஆகையால் கோணேசர் கோயில் மலையின்மேல் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், 12:05க்குத்தான். ஐந்து நிமிடப் பிழையை நாம் ஒருவரும் உணர்வதில்லை.

ஆனால் இது துறைமுகப் பட்டினம் என்பதால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்து நெட்டாங்கு கணிக்கும் மாலுமிக்கு ஒரு செக்கன் பிழை நம் அகலாங்கில் ஏறக்குறைய 460 மீற்றர். பாறை எங்கே என்பதில் 460 மீற்றர் பெரிய விடயம். 1972இல் அந்த மாலுமியை மனதில் வைத்தார்கள். இன்று அவரிடமும் ஜி.பி.எஸ் இருக்கிறது.

ஒரு செக்கன் கூடினால் கணினிக்கு என்ன வந்தது?

யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 முதல் நாளுக்குச் சரியாக 86,400 செக்கன் என்று எண்ணுகின்றன. 60ஆம் செக்கனுக்கு அங்கே இருக்கை இல்லை. அதனால் ஒரே செக்கனை இரண்டு தடவை எண்ணும். நேரம் பின்னால் போகாது என்று நம்பி எழுதிய நிரல்கள் அங்கேதான் கால் இடறும்.

2012 யூன் 30இல், நமக்கு யூலை முதலாம் திகதி ஞாயிறு விடியற்காலையில், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இருந்த ஒரு வழு விழித்துக்கொண்டது. நேரம் சொல்லும் உள்பகுதிகள் இரண்டு ஒன்றோடொன்று ஒரு செக்கன் முரண்பட்டு, பல நிரல்கள் தூங்க முடியாமல் சுழன்று சுழன்று செயலியைத் தின்றன. ரெடிற் தளம் முடங்கியது. அவுஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானப் பயணிகளைக் கையால் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. 2017 சனவரி முதலாம் திகதி கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின், தளப்பெயருக்கு முகவரி தேடித்தரும் பெயர்ச் சேவையில் ஒரு நிரல் இரண்டு நேரங்களைக் கழித்தபோது விடை மறைப்பெறுமானமாக வந்தது. மறைப்பெறுமான நேரம் வரலாம் என்று ஒருவரும் நினைத்திருக்கவில்லை. அந்த நிரல் விழுந்தது.

கூகுள் லீப் செக்கனைப் "பூசிவிடும்" என்கிறார்களே?

வெண்ணெயைப் பாணில் பூசுவதுபோல. ஒரு செக்கனைத் துண்டாகச் செருகாமல் 24 மணித்தியாலம் முழுக்கப் பரப்பிவிடுவார்கள். யூ.டி.சி நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை, அதாவது நம் மாலை 5:30 முதல் மறுநாள் மாலை 5:30 வரை, ஒவ்வொரு செக்கனும் பத்து இலட்சத்தில் 11.6 பங்கு நீளும். 60ஆம் செக்கன் வரவே வராது. எனக்குப் பிடித்த வழி இது. ஒரே நிபந்தனை: பூசும் சேர்வரையும் பூசாத சேர்வரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். நள்ளிரவில் இரண்டுக்கும் அரைச் செக்கன் வித்தியாசம் இருக்கும். உங்கள் கணினி யாரைப் பொய்யர் என்று தள்ளும் என்பது அதன் பாடு.

வள்ளத்து ஜி.பி.எஸ் கருவியில் எடுத்தால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லையா?

வலையமைப்புத் தாமதத் தொல்லை இல்லை. கூரையில் ஏற்பி ஒன்றைப் பூட்டி, செக்கனுக்கு ஒரு துடிப்புத் தரும் கம்பியைக் கணினியில் இணைத்தால் நீங்களே ஒன்றாம் படிச் சேர்வர். லீப் செக்கன் மட்டும் அங்கும் எட்டிப்பார்க்கும். ஜி.பி.எஸ் நேரம் 1980இல் தொடங்கியது முதல் லீப் செக்கனைச் சேர்ப்பதே இல்லை. இப்போது அது யூ.டி.சியைவிட 18 செக்கன் முன்னே. செய்மதியே அந்த வித்தியாசத்தையும் அறிவிக்கும். ஆனால் இயக்கியவுடன் சில நிமிடங்கள் 18 செக்கன் பிசகிக் காட்டும் கருவிகளும் உண்டு.

1996இல் நாட்டு நேரத்தை மாற்றினார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நேர வலயம், யூ.டி.சியோடு எவ்வளவு கூட்டுவது என்ற அரசாங்கத் தீர்மானம். மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 1996 மே 25இல் ஐந்தரை மணித்தியாலத்தை ஆறரை ஆக்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறாகக் குறைத்தார்கள். 2006 ஏப்பிரல் 15இல் மறுபடியும் ஐந்தரை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்தப் பத்து ஆண்டுகளும் பழைய நேரத்திலேயே இருந்தன. "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்டுவிட்டே முகூர்த்தத்துக்குப் புறப்பட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

என்.டி.பிக்கு இவை எதுவும் தெரியாது. அது கொண்டுவருவது யூ.டி.சி மட்டும். எனவே கணினியில் சென்னை வலயத்தைத் தெரிந்தால் என்ன, கொழும்பைத் தெரிந்தால் என்ன என்று கேட்பார்கள். இன்றைய நேரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 1996க்கும் 2006க்கும் இடைப்பட்ட படங்களையோ கணக்குகளையோ திறந்தால் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிசகும். கொழும்பையே தெரியுங்கள்.

இனி லீப் செக்கன் வருமா?

2016 டிசம்பருக்குப் பிறகு வரவில்லை. பூமி அண்மைக் காலத்தில் சற்று வேகமாகச் சுழல்கிறது. இப்படியே போனால் செருகுவதற்குப் பதிலாக ஒரு செக்கனை எடுக்க வேண்டியும் வரலாம். அதை இதுவரை ஒருவரும் செய்து பார்த்ததில்லை. லினக்ஸ் வழுவைக் கண்ட எனக்கு அந்த நாளைப் பார்க்க ஆசையில்லை. எடை, அளவைகளுக்கான பொது மாநாடு 2022 நவம்பரில் கூடி, 0.9 செக்கன் என்ற எல்லையை 2035க்குள் தளர்த்துவதென்று முடிவெடுத்தது. அதன்பிறகு நீண்ட காலத்துக்கு இந்தச் செருகல் தேவைப்படாது.

கமராக்களுக்கு என்ன செய்வது?

எல்லாக் கமராவையும் தனித்தனியே இணையத்தோடு இணைக்காதீர்கள். கடையில் உள்ள ஒரு கணினியையோ பதிவுப்பெட்டியையோ நான்கு சேர்வர்களோடு இணையுங்கள். மற்றவை எல்லாம் அதனிடம் கேட்கட்டும். உள்வலையில் பயணம் ஒரு மில்லிசெக்கனும் இராது. களவு நடந்து பொலிஸார் வந்தால் அவர்கள் பார்ப்பது, வாசல் கமராவில் போனவன் தெருக் கமராவில் எப்போது வருகிறான் என்பதைத்தான். இரண்டும் சேர்ந்து அரைச் செக்கன் பிந்தினால் பரவாயில்லை. வாசலில் போவதற்கு முன்னரே தெருவில் தெரிந்தால் வழக்கு நிற்காது.

இன்று வாங்கும் பதிவுப்பெட்டி எத்தனை வருடத்துக்கு நேரம் காட்டும்?

என்.டி.பி பொதியில் செக்கன்களை 1900 சனவரி முதலாம் திகதியிலிருந்து 32 பிட்டுகளில் எண்ணுகிறார்கள். அந்த இடம் 2036 பெப்ரவரி 7, வியாழக்கிழமை, நம் நேரம் முற்பகல் 11:58:16க்கு நிரம்பி, எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பும். ஒழுங்காக எழுதிய மென்பொருள் அதைக் கவனித்துத் தாண்டிவிடும். மலிவுப் பெட்டி 1900க்குப் போய்விடலாம். நான் இப்போது புதிய பெட்டி வந்தால் இணையத்தைக் கழற்றிவிட்டு, திகதியைக் கையால் 2036 பெப்ரவரி 8 என்று வைத்து, உள்வலையில் அதே திகதியில் ஓடும் என் மடிக்கணினியிடம் நேரம் கேட்க விட்டுப் பார்க்கிறேன். கடைசியாக அப்படிப் பார்த்த மூன்றில் ஒன்றை வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பினேன்.